இட்லி வெந்துடுச்சா?

குடும்ப ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள் யாரும் அறிவுரைக்குப் பஞ்சப்பட்டு வருவதில்லை. கைபேசியைக் கீழே வை, நகத்தைக் கடிக்காதே, பிள்ளையைத் திட்டாதே, நேரத்தோடு படு என்று வீட்டிலும் உறவிலும் எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகுதான் என் அறைக்கு வந்து உட்காருகிறார்கள். சொன்னவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். கேட்டவர்களும் மனமார ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் அதே செயல் நடக்கிறது. செய்வது, திட்டு வாங்குவது, திருந்துவதாகச் சொல்வது, மறுபடி செய்வது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்தப் பழக்கம். இந்த நிலையில் நானும் ஓர் அறிவுரை சொன்னால் பழைய நாடகத்தில் இன்னொரு வசனம் கூடும், அவ்வளவுதான்.

என் தொழிலில் நான் மிகவும் நேசிக்கும் வழி வேறு. தினமும் தவறாமல் நடக்கும் அந்த வரிசையின் நடுவில், யாரும் எதிர்பாராத, சிரிப்பு வரக்கூடிய சின்ன விஷயம் ஒன்றை வைப்பது. இதைச் சொன்னால், "உங்களுக்கு நகைச்சுவை கைவந்த கலை போல" என்கிறார்கள். அப்படியில்லை. நான் சபையில் துணுக்குச் சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள் அல்ல. ஒருவரை வியக்க வைக்க வேண்டுமென்றால், அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது நமக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கேட்க வேண்டும்; கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு பொறுமைதான். வேடிக்கை கடைசியில் தானாக வரும்.

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் ஓடுது சார், காலையில எந்திரிக்க முடியல" என்றார். கைபேசியை அம்மா பிடுங்கி வைத்துப் பார்த்தாயிற்று. அப்பா ரீசார்ஜை நிறுத்திப் பார்த்தாயிற்று. அவரே செயலிகளை நீக்கி, மூன்றாம் நாள் மறுபடி ஏற்றியாயிற்று. நான் காரணம் கேட்கவில்லை. படுக்கையில் எந்தப் பக்கம் ஒருக்களிப்பீர்கள், சார்ஜர் எங்கே இருக்கிறது, விளக்கை யார் அணைப்பது, முதலில் எதைத் திறப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். "வாட்ஸ்அப்தான் முதல்ல. யாரும் ஒண்ணும் அனுப்பியிருக்க மாட்டாங்க. உடனே இன்ஸ்டா." அந்த நேரத்தில் வீட்டில் யார் விழித்திருப்பார்கள்? "யாருமில்ல சார்..." என்றவர் சற்று நிறுத்தி, "பாட்டி முழிச்சுத்தான் இருக்கும். சமையக்கட்டுக்கு வெளிய கட்டில்ல. அதுக்குத் தூக்கமே கிடையாது" என்றார்.

எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். தூங்க முடியாத பாட்டியும் தூங்காத பேரனும் ஒரே வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழித்துக் கிடக்கிறார்கள். பாட்டியிடம் பேசி, அவர் சம்மதித்த பிறகு, இப்படி ஏற்பாடு செய்தோம். இரவு பத்து மணிக்குக் கைபேசி இட்லிக் கொப்பரைக்குள் போகும். எடுக்கக் கூடாது என்ற தடை எதுவும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூடியைத் திறக்கும் முன், "பாட்டி, இட்லி வெந்துடுச்சா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பாட்டி என்ன சொன்னாலும் காதில் வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகு எடுக்கலாம். "நான் என்ன சொல்லணும்?" என்று பாட்டி கேட்டார். "உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்கம்மா" என்றேன்.

முதல் நாள் இரவு பாட்டி இருட்டிலிருந்து சொன்ன பதில்: "இன்னும் மாவே அரைக்கலடா." இளைஞர் கொப்பரை மூடியைக் கையில் பிடித்தபடி நின்று சிரித்திருக்கிறார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார்கள். மறுநாள் கைபேசியை எடுத்தார். அதற்கு மறுநாளும் எடுத்தார். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எடுப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கை தானாகப் போவது நின்று, ஆள் எழுந்து நடந்து, கேள்வி கேட்டு, பதில் கேட்டு, அதன் பிறகு முடிவெடுக்கிறார். தடை போட்டிருந்தால் அது அம்மா அப்பாவின் பழைய வசனமாகியிருக்கும்.

அந்த இடைவெளி ஏன் அவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் டேவிட் நீல், வெண்டி வுட் ஆகியோர் செய்து 2011-இல் வெளியிட்டது. திரையரங்கில் படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னையும் சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்து நமத்துப் போனதையும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், நமத்துப் போனதையும் புதியதற்கு ஈடாகத் தின்று தீர்த்தார்கள். நன்றாக இல்லை என்று நாக்குக்குத் தெரிந்திருந்தும் கை நிற்கவில்லை. பிறகு வழக்கமாகச் சாப்பிடாத கையால் சாப்பிடச் சொன்னபோது கதை மாறியது. பழக்கக்காரர்கள்கூட நமத்துப் போனதைக் குறைவாகவே தின்றார்கள். யாரும் அவர்களுக்குப் பாப்கார்னின் தீமைகளை விளக்கவில்லை. கை மட்டும் மாறியது. உடனே நாக்கின் பேச்சு காதில் விழுந்தது.

நம் வீடுகளில் விக்கல் எடுக்கும் குழந்தையிடம் பெரியவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். தண்ணீர் குடித்தும் நிற்காவிட்டால், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஏண்டா, அலமாரியில வச்ச காசை நீதானே எடுத்தே?" என்பார்கள். குழந்தை திடுக்கிட்டு, "நான் எடுக்கலையே!" என்று கண்ணை விரிக்கும். விக்கல் போன இடம் தெரியாது. சில நேரம் போகாமலும் இருக்கும். நான் ரசிப்பது அடுத்த கணத்தை. பழி சொன்ன பாட்டியே குழந்தையை இழுத்து அணைத்துச் சிரிப்பார். அந்த அணைப்பு இல்லாவிட்டால் அது வெறும் பழிதான். திடுக்கிட வைக்க முடியும் என்பதாலேயே நாம் அவர்களுக்கு நெருக்கமானவர்கள் ஆகிவிட மாட்டோம். நெருக்கம் இருந்தால்தான் திடுக்கிட வைக்கும் உரிமையே கிடைக்கிறது.

எதிர்பாராத ஒன்று மூளைக்குள் வேலை செய்யும் விதத்தையும் ஓரளவு கண்டிருக்கிறார்கள். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. இன்ன அடையாளம் தெரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு சாறு வந்தாலும் அவை சும்மா இருந்தன. துடிப்பு அடையாளத்துக்கு இடம் மாறிவிட்டது. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வந்தால் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. எதிர்பார்ப்பு பிசகும் இடத்தில்தான் மூளை புதிதாக எழுதத் தொடங்குகிறது.

வியப்போடு சிரிப்பும் ஏன் வேண்டும்? இதை நான் கற்றது விக்டர் ஃபிராங்கலிடம். வியன்னாவின் மனநல மருத்துவர், 1905-இல் பிறந்தவர். நாஜி முகாம்களுக்குக் கொண்டுபோகப்படுவதற்கு முன்பே, 1939-இல், அவர் முரண்விருப்பம் என்று நாம் சொல்லத்தக்க ஒரு முறையை எழுதிவிட்டார். எதற்குப் பயப்படுகிறாயோ அதையே விரும்பிச் செய், சிரித்துக்கொண்டு செய். நாலு பேர் நடுவில் வியர்த்து வழிந்துவிடுமோ என்ற பயத்தாலேயே வியர்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், 'நான் எவ்வளவு வியர்க்க முடியும் என்று இன்று இவர்களுக்குக் காட்டுகிறேன்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார். எழுதும்போது கை இழுத்துக்கொண்டு வேலையே போய்விடும் நிலையில் இருந்த கணக்கர் ஒருவருக்கு, அழகாக எழுத முயல வேண்டாம், முடிந்தவரை கோணல்மாணலாகக் கிறுக்குங்கள் என்று சொல்லப்பட்டது. அவரால் கிறுக்கவே முடியவில்லை. இரண்டு நாளில் கை சரியாயிற்று என்று ஃபிராங்கல் எழுதியிருக்கிறார். எதை விரட்டினால் அது வளர்கிறதோ, அதை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் அது சுருங்குகிறது. உறக்கம் வராதவர்களை 'இன்று கண்ணைத் திறந்தபடியே படுத்திருங்கள், தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்புவது இந்த மரபில் வந்ததுதான். தூங்க முயல்வதே அவர்களைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

முகாமில் நடந்த ஒன்றையும் ஃபிராங்கல் பதிவு செய்திருக்கிறார். கட்டட வேலையில் தன்னோடு இருந்த நண்பருக்கு அவர் நகைச்சுவையைப் பாடமாகவே கற்றுக்கொடுத்தார். தினமும் ஒரு வேடிக்கைக் கதையாவது உண்டாக்க வேண்டும், அது விடுதலைக்குப் பிறகு நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒப்பந்தம். முகாமில் சூப்பை அண்டாவின் அடியிலிருந்து அள்ளி ஊற்றினால்தான் கொஞ்சம் பட்டாணியாவது கிடைக்கும். அந்த ஞாபகத்தில், நாளைக்கு ஒரு பெரிய வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு, 'அம்மா, அடியிலிருந்து ஊற்றுங்கள்' என்று கெஞ்சுவோம் என்பது அவர்கள் புனைந்தவற்றில் ஒன்று. இதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் கலங்குகிறது. அந்தக் கதை பசியைக் குறைக்கவில்லை. பசித்தவன் தன்னைத் தள்ளி நின்று பார்க்க ஓரிடத்தை உண்டாக்கியது. சிரிப்பு செய்யும் வேலை அதுதான். நான்தான் இந்தப் பழக்கம் என்றிருந்தவர், தன் பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் நொடியில், அதற்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்துவிடுகிறார்.

ஆறாம் வகுப்புப் பையனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். மாலை ஏழு மணிக்கு வீட்டுப்பாடச் சண்டை. சண்டையைக் கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லுங்கள் என்றேன். பையன் உற்சாகமாகத் தொடங்கினான். அம்மா முதலில் "புக்கை எடு" என்பார். அவன் "இரும்மா, ரெண்டே நிமிஷம்." அம்மா "எத்தனை ரெண்டு நிமிஷம்டா?" அவன் பதில் சொல்ல மாட்டான். "உன் வயசுல நாங்கல்லாம்..." என்று அம்மா ஆரம்பிக்கும் இடத்தில் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அங்கிருந்து அழுகை வரை ஒரே ஓட்டம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை.

நாளை மாலை ஏழு மணிக்கு அதே சண்டையைப் போடுங்கள், ஆனால் அவன் வசனத்தை நீங்களும் உங்கள் வசனத்தை அவனும் பேச வேண்டும் என்றேன். பாடம் படிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்து சொன்னார்கள். பையன் இடுப்பில் கைவைத்து "உன் வயசுல நாங்கல்லாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறான். சத்தம் கூடவில்லை. திரும்பி, "அப்பா, உங்க வசனம் வரலையே" என்றிருக்கிறான். ரிமோட்டைக் கையில் வைத்தபடி வாய் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போதுதான் தானும் அந்தச் சண்டையில் நடித்துக்கொண்டிருந்தது உறைத்திருக்கிறது. மூன்று பேரும் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அம்மா சொன்னது. "'ரெண்டே நிமிஷம்'னு நான் சொல்லிப் பார்த்தப்ப, நிஜமாவே ரெண்டு நிமிஷம் உக்காரணும்போல இருந்துச்சு சார். அவனும் ஸ்கூலு, டியூஷன்னு அலைஞ்சிட்டுத்தானே வர்றான்." இதை நான் விளக்கிச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார். அவன் வரியைத் தன் வாயால் சொன்னதால் உடம்பில் தெரிந்தது. அந்த வீட்டில் சண்டை அறவே நின்றுவிடவில்லை. சண்டைக்குள்ளிருந்து வெளியே வர ஒரு வாசல் கிடைத்தது.

இந்த வேலையின் நேரக்கணக்கை நான் புத்தகத்தில் படித்ததைவிடத் தெருக்கூத்தில் பார்த்தது அதிகம். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தில் கட்டியங்காரனைக் கவனித்தால் போதும். திரைக்குப் பின்னால் ராஜா கம்பீரமாகப் பாடிக்கொண்டு வருவார். கட்டியங்காரன் "யாரப்பா நீ?" என்று ஊர்ப் பேச்சில் கேட்பான். அவர் செந்தமிழில் சொல்வதை இவன் வயல்வரப்பு மொழிக்கு இழுத்து வருவான். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். மேடையில் இவ்வளவு குறும்பு செய்கிறவனுக்குக் கதை முழுதும் தெரிந்திருக்கும். எந்தப் பாட்டு எங்கே முடியும், எந்த நடிகர் எங்கே மூச்சு வாங்குவார், கூட்டம் எப்போது கண்ணயரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அரை நொடி முந்தினால் பாட்டு கெடும். பிந்தினால் சிரிப்பு வராது. ராஜாவை அவன் கேலி செய்வதால் ராஜா சிறுத்துப்போவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கிட்டத்தில் வருகிறார்.

கூர்ந்து கவனித்தவரால்தான் வியக்க வைக்க முடியும் என்பது அமெரிக்க மருத்துவர் மில்டன் எரிக்சனின் கதையிலும் தெரிகிறது. யாரும் நினைத்துப் பார்க்காத பணிகளைக் கொடுத்து நோயாளிகளை மாற்றியதற்குப் பெயர்போனவர். தூக்கம் வராத முதியவர் ஒருவருக்கு அவர் விதித்தது, இரவு முழுதும் வீட்டுத் தரையை மெழுகு போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது. அந்த மனிதருக்கு அதுதான் உலகிலேயே பிடிக்காத வேலை. சில இரவுகளிலேயே, தேய்ப்பதைவிடத் தூங்குவதே மேல் என்று அவர் உடம்பு முடிவு செய்துவிட்டது. எரிக்சன் பதினேழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து உடம்பு அசையாமல் படுக்கையில் கிடந்தார். அசைய முடியாத அந்தக் காலத்தில் வீட்டில் உள்ளவர்களின் முகத்தையும் குரலையும் கையசைவையும் பார்ப்பதே அவருக்கு வேலை. வாய் 'வேண்டாம்' என்னும்போது உடம்பு 'வேண்டும்' என்பதை அப்படித்தான் கற்றார். பிற்காலத்தில் அவர் காட்டிய வியப்புகள் எல்லாம் அந்தப் படுக்கையில் சேர்த்த முதல்.

ஓர் ஊரையே இப்படி மாற்றிப் பார்த்தவரும் உண்டு. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1995-இல் மேயரான அந்தானஸ் மோக்குஸ் கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியர். சிக்னலை மதிக்காத ஊரில் அவர் தெருவில் இறக்கியது ஊமை நடிகர்களை. முதலில் இருபது பேர். பிறகு நானூறு பேருக்கு மேல் பயிற்சி கொடுக்கப்பட்டது. முகத்தில் வெள்ளைப் பூச்சு, வாயில் ஒரு சொல் இல்லை, கையில் அபராதச் சீட்டும் இல்லை. வரிக்கோட்டின் மேல் வண்டியை நிறுத்தியவரின் முன்னால் போய் நின்று கையால் கெஞ்சுவார்கள். குறுக்கே ஓடியவரின் பின்னாலேயே அவரைப்போல ஓடிக் காட்டுவார்கள். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அபராதத்துக்கு அஞ்சாதவர்களும் அந்தச் சிரிப்புக்கு அஞ்சினார்கள் என்பது மோக்குஸின் கணக்கு.

எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் இதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். தெருவில் அந்தக் கூச்சம் சாலையைக் கடக்கும் வரைதான். சிரித்தவர் யாரென்று தெரியாது, நாளை அவரைப் பார்க்கப்போவதும் இல்லை. வீட்டில் பட்ட அவமானம் குழந்தையோடு படுக்கைவரை வரும். வளரும் பிள்ளையின் எடையை, திக்கும் பேச்சை, பயத்தை வைத்து விருந்தாளிகள் முன் சிரிக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைத் தமாஷ் என்கிறார்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: யாருடைய பழக்கமோ அவர்தான் முதலில் சிரிக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் சிரித்தால் அந்தப் பணியை அன்றே நிறுத்திவிடுவேன்.

சில இடங்களில் இந்தக் கருவியைக் கையிலேயே எடுப்பதில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இருப்பவரிடம், கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம், புதிய துக்கத்தில் இருப்பவரிடம் முரண்விருப்பம் கூடாது. மனச்சோர்வைப் பற்றிய இந்த எச்சரிக்கையை ஃபிராங்கலே சொல்லியிருக்கிறார். ஓயாமல் கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது என்று வாழ்க்கையையே விழுங்கிவிட்ட எண்ணச் சுழற்சிக்கு அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். அடி விழும் வீட்டில் எனக்கு வேடிக்கையே கிடையாது. தான் அடிபட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பெண்கள் வருவார்கள். கேட்பவர் சங்கடப்படக் கூடாதே என்ற சிரிப்பு அது. அப்போது நான் கூடச் சிரிப்பதில்லை. அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, அவருடைய பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்குவேன்.

சரியாக அமைந்த பணிக்கும் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று வாரத்தில் எதிர்பாராதது எதிர்பார்த்ததாகிவிடும். இட்லிக் கேள்வியும் பல் துலக்குவதுபோல வெறும் வாய்ப்பாடாகிவிடும். அதனால், சிரிப்பு வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லி அனுப்புகிறேன். அந்தக் கொஞ்ச நாளுக்குள் இடைவெளியில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் இடைவெளியைப் பழைய பழக்கம் ஒரே இரவில் பிடித்துக்கொள்ளும். அந்த இளைஞருக்கு அது பாட்டியோடு பேசும் கால் மணி நேரமாக அமைந்தது. நான் திட்டமிட்டிருந்தது ஒரு புத்தகத்தை. பாட்டி அதைவிட நல்ல வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த சந்திப்பில் நான் கேட்பவை கொஞ்சம்தான். சிரிப்பு வந்ததா, யாருக்கு முதலில் வந்தது, சொன்னதில் எதை மாற்றினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சொன்னபடியே செய்தோம் என்கிறவர்கள் இன்னும் என் பணியைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி, பேரன் கேட்கும்வரை காத்திருப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாராம். பத்து மணி தாண்டியதும் அவரே கட்டிலிலிருந்து, "டேய், இட்லி கேக்க வரலையா?" என்று கூப்பிடுகிறாராம். இதைச் சொல்லும்போது அந்தத் தம்பியின் கையில் கைபேசி இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் குறிப்பேட்டில் பாட்டியின் மாற்றத்தை எழுதிக்கொண்டு, அடுத்த சந்திப்பை ஒரு மாதம் தள்ளி வைத்தேன்.